பண்டிகை அவரவருக்கு, சர்க்கார் எல்லாருக்கும்

2025 ஏப்ரல் 6ந் தேதி பாம்பன் புதிய ரயில் பாலத்தைப் பிரதம மந்திரி திறந்துவைத்தார். அன்று ராமநவமி. தேதி தற்செயலாக வந்து விழுந்ததல்ல. ராமநவமித் திருநாளில் பாலம் திறக்கிறோம் என்று பெருமையாகவே சொன்னார்கள். இலங்கையிலிருந்து நேராக வந்து பாலத்தைத் திறந்து, கோயிலுக்கும் போய் வந்தார்.

பாலம் வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லவில்லை. 1914ல் கட்டிய பழைய பாலம் துருப்பிடித்து, 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோயிற்று. இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயில் இல்லை. மூட்டையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு அலைந்த ஜனங்களுக்குப் பாலத்தின் அருமை தெரியும். சுமார் 550 கோடி ரூபாயில் இரண்டு கிலோமீட்டருக்குக் கடல்மேல் நிற்கிறது. அந்த ரூபாய் ஜனங்கள் கட்டிய வரி. சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி வாங்கும்போது நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று எவனும் கேட்பதில்லை.

திறப்பு விழாவுக்குச் சில நாள் கழித்து மண்டபம் பக்கம் போயிருந்தோம். டீக்கடையில் ஒரு முஸ்லிம் பெரியவர். வலை பின்னிப் பிழைத்தவர். பேச்சு பாலத்தைப் பற்றித் திரும்பியது. "நல்ல நாள்தான் தம்பி, யாரு வேணாம்னா? பாலம் வந்துச்சே, அது போதும்" என்றார். கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அதுக்கு ஆறு நாளைக்கு முன்னாலதான் எங்க நோன்புப் பெருநாள். அன்னிக்கு ஒரு பாலத்தத் திறந்து நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நம்மிடம் பதில் இல்லை.

இதிலென்ன பெரிய விஷயம், மதம் பிடித்தவர்கள் ஏதோ செய்கிறார்கள், நாம் கூலி உயர்வைப் பார்ப்போம் என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே உண்டு. தவறு. தன் பக்கத்தில் நிற்பவன் இந்த நாட்டில் வீட்டுக்காரனா, ஒண்டவந்தவனா என்று ஒரு தொழிலாளிக்குச் சந்தேகம் கிளப்பிவிட்டால், அப்புறம் கூலி உயர்வுக்கு இருவரும் சேர்ந்து நிற்பது எப்படி?

பண்டிகை கொண்டாடுவது ஜனங்களின் உரிமை. ராமநாதசாமி கோயிலில் மகா சிவராத்திரி, ராமலிங்கப் பிரதிஷ்டை, ஆடியில் திருக்கல்யாணம் என்று பெரிய விழாக்கள் நடக்கின்றன. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மாதாவுக்குக் கொடியேற்றுகிறார்கள். ஏர்வாடியில் சந்தனக்கூடு. யாருக்கும் இதில் குறை கிடையாது. நாள் பார்த்துக் கடை போட்டுப் பிழைக்கிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. இவையெல்லாம் ஜனங்கள் கொண்டாடுபவை. சர்க்காரே ஒரு மதத்தின் பண்டிகையைத் தன் பண்டிகையாக்கிக் கொள்வது வேறு சமாச்சாரம்.

2024 ஜனவரி 22ஐ எடுத்துக்கொள்வோம். அயோத்தியில் ராமர் கோயில் பிரதிஷ்டை. 1992 டிசம்பர் 6ல் இடிக்கப்பட்ட மசூதி நின்ற இடம் அது. மசூதியை இடித்தது சட்டவிரோதம் என்று 2019 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. இடத்தைக் கோயிலுக்குக் கொடுத்ததும் அதே தீர்ப்புத்தான். பிரதிஷ்டைக்கு இரண்டு நாள் முன்னால் பிரதமர் ராமேஸ்வரத்துக்கு வந்து அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டுப் போனார். அது அவருடைய பக்தி, நமக்கு அதில் பேச்சில்லை. ஆனால் 22ந் தேதி மத்திய சர்க்கார் ஆபீசுகளுக்கெல்லாம் மத்தியானம் இரண்டரை மணி வரை லீவு விட்டார்களே, அது யாருடைய பக்தி? டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகூட அன்று பாதி நாள் வெளிநோயாளிகளைப் பார்ப்பதில்லை என்று அறிவித்து, ஊர் சிரித்த பிறகு வாபஸ் வாங்கியது. நோயாளிக்கு வயிற்றுவலி முகூர்த்தம் பார்த்தா வருகிறது?

மசூதி இடிந்த நாளை நினைத்து மனம் நொந்தவன் அந்தத் தபாலாபீசில் வேலை செய்கிறான். "நீயும் கொண்டாடு, அதற்குத்தான் லீவு" என்று அவனிடம் சர்க்கார் சொல்கிறது. அவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவான். மறுநாள் பத்திரிகையில் எல்லாரும் மகிழ்ச்சியாகக் கொண்டாடினார்கள் என்று வரும்.

கிறிஸ்தவர்களின் நாளை எப்படி நடத்தினார்கள்? 2014ல் இதே மத்திய சர்க்கார் கிறிஸ்துமஸ் தினத்தை நல்லாட்சி தினம் என்று அறிவித்தது. 2015ல் ஹைகோர்ட் தலைமை நீதிபதிகள் மாநாடு ஏப்ரல் 3ல் தொடங்கியது. அது பெரிய வெள்ளி. சுப்ரீம் கோர்ட் நீதிபதி குரியன் ஜோசப் இது சரியல்ல என்று எழுதினார். தீபாவளி அன்றோ ஈத் அன்றோ இப்படி வைப்பீர்களா என்று கேட்டார். மாநாடு அதே தேதியில்தான் நடந்தது. சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கே இந்தக் கதி என்றால் பாம்பன் கடலில் பாசி எடுக்கும் பெண்ணின் குரலை யார் கேட்கப்போகிறார்கள்? 2019ல் தாத்ரா நாகர் ஹவேலியில் பெரிய வெள்ளி லீவையே எடுத்துவிட்டு, பம்பாய் ஹைகோர்ட் சொன்ன பிறகு திரும்பக் கொடுத்தார்கள்.

தெருவிலும் இதே கதை. பிள்ளையார் சதுர்த்தி நம் வீடுகளில் களிமண் பிள்ளையார், கொழுக்கட்டை, மூன்றாம் நாள் கிணறோ குளமோ என்று முடிந்த பண்டிகை. 1893ல் திலகர் பூனாவில் அதை வீதிக்குக் கொண்டுவந்தார். வெள்ளையனை எதிர்த்து ஜனங்களைத் திரட்டும் எண்ணம் அதிலே இருந்தது. தமிழ்நாட்டில் 1983ல் சென்னையில் இந்து முன்னணி ஆரம்பித்த ஊர்வலத்தில் எதிர்ப்பதற்கு எந்த வெள்ளையன் இருந்தான்? மசூதி இருந்தது. 1990ல் திருவல்லிக்கேணியில் அந்த ஊர்வலத்தை ஒட்டிக் கலவரம் மூண்டது. நாலு தெரு இருக்க, தொழுகை நேரத்தில் மசூதி வாசலில்தான் மேளம் அடிப்பேன் என்கிறவனுக்குப் பிள்ளையார் மேல் எவ்வளவு அன்பு என்று நாம் சொல்லவேண்டியதில்லை. அந்த லாரிக்கு முன்னால் ஆடிவிட்டு மறுநாள் போலீஸ் கேசில் அலைவது யார்? நம் வீட்டுப் பையன்கள்தான். லாரிக்குப் பணம் கொடுத்த கடை முதலாளி மறுநாள் காலை வழக்கம்போலக் கடை திறந்துவிடுகிறார்.

நம் கரையில் இதற்கெல்லாம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சேதுபதி மன்னர்கள் ஏர்வாடி தர்காவுக்கு நிலம் விட்டார்கள். சந்தனக்கூட்டில் பல சாதி இந்துக்களும் கலந்துகொள்கிறார்கள். ராஜாக்களைப் புகழ்வது நம் வேலையல்ல. 1693ல் ஓரியூரில் அருளானந்தர் தலையை வெட்டியதும் சேதுபதி சீமையின் அதிகாரம்தான். இன்று அந்த ஓரியூருக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு போகிறார்கள். ஜனங்கள் ராஜாக்களைவிடப் பெரிய மனசுக்காரர்கள்.

அப்துல் கலாம் 1931ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். சீதா ராமர் கல்யாண உற்சவத்தில் சாமியைக் குளத்தின் நடுவே கொண்டுபோக அவர் குடும்பம்தான் படகு ஏற்பாடு செய்தது. இதை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அவர் எழுதிய இன்னொரு விஷயத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஐந்தாம் வகுப்பில் கலாமும் கோயில் குருக்களின் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த வாத்தியார், தொப்பி போட்ட பிள்ளை பூணூல் போட்ட பிள்ளை பக்கத்தில் உட்காரக்கூடாது என்று கலாமைப் பின்பெஞ்சுக்கு அனுப்பினார். பிள்ளைகள் அழுதுகொண்டு வீட்டில் சொன்னார்கள். வாத்தியாரைக் கூப்பிட்டுக் கண்டித்தவர் கலாமின் தகப்பனார் அல்ல. குருக்கள் லக்ஷ்மண சாஸ்திரிகள். மன்னிப்புக் கேள், இல்லையென்றால் பள்ளிக்கூடத்தையும் தீவையும் விட்டுப் போ என்றார். வாத்தியார் திருந்தினார்.

இடிபட்டவன் வந்து புகார் செய்யட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. எண்ணிக்கையில் பெரியவர்கள் பக்கத்திலிருந்துதான் அந்தக் குரல் முதலில் வரவேண்டும். சிறிய எண்ணிக்கைக்காரன் எழுந்து ஆட்சேபித்தால் அவனுக்கு என்ன பட்டம் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாதா?

இதில் நாமும் தவறியிருக்கிறோம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

1958ம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, பண்டிகைக்கு 5 நாள் சம்பளத்துடன் லீவு. எந்த ஐந்து என்பதை முதலாளியையும் தொழிலாளிகளையும் கலந்து இன்ஸ்பெக்டர் குறிக்கிறார். அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியும் மாற்று லீவும். யாரும் தானமாகக் கொடுத்ததல்ல.

நம் ஜில்லாவில் ஒரு நூற்பு மில்லில் இந்தப் பட்டியல் போட நாம் உட்கார்ந்தோம். பொங்கல், மாட்டுப் பொங்கல், தமிழ் வருஷப்பிறப்பு, ஆயுத பூஜை, தீபாவளி. ஐந்தும் தீர்ந்தது. "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டோம். கூட்டத்தில் சத்தம் இல்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம். அந்த மில்லில் ஸ்பின்னிங்கில் மூன்று முஸ்லிம் தோழர்கள், கோன் வைண்டிங்கில் ஏழெட்டுக் கிறிஸ்தவப் பெண்கள். பக்ரீத் அன்று மூவரும் ஒரு நாள் சம்பளத்தை இழந்தார்கள். வருகை போனஸும் போயிற்று. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று பிறகு கேட்டதற்கு ஒருவர் சிரித்துக்கொண்டே, "இருநூறு பேருக்கு நடுவுல எந்திரிச்சு எங்க பண்டிகைன்னு எப்படித் தோழர் சொல்றது?" என்றார். ஏகமனதுக்குள்ளே என்ன இருந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அடுத்த வருஷம் மாட்டுப் பொங்கலையும் வருஷப்பிறப்பையும் விட்டுப் பக்ரீத்தையும் கிறிஸ்துமஸையும் சேர்த்தோம். முணுமுணுப்பு இல்லாமல் நடந்துவிடவில்லை. மூன்று பேருக்காக இருநூறு பேர் வீட்டு மாடு பொங்கல் காணாமல் நிற்பதா என்று ஒரு தோழர் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஐந்து நாளை வைத்துக்கொண்டு தொழிலாளியைத் தொழிலாளியோடு மோதவிட்டால் சிரிப்பவன் முதலாளி. மத்திய சர்க்கார் ஊழியருக்குப் பொது லீவு போக, பட்டியலில் தனக்கு வேண்டிய 2 நாளைத் தானே எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மில் தொழிலாளிக்கு ஏன் இல்லை? ஐந்தை வெட்டி ஒட்டுவதைவிட, மேற்கொண்டு 2 நாள் அவரவர் விருப்பத்துக்கு என்று கேட்பதுதான் சரி. இரு தரப்பாரும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை அது.

விவசாயத் தொழிலாளிக்கு இந்த ஐந்தும் கிடையாது. மிளகாய்ப் பழம் பறிக்கும் காலத்தில் பெரிய வெள்ளி வந்தாலும், நாற்று நடும்போது தீபாவளி வந்தாலும், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. எல்லாச் சாமிக்கும் பொதுவாக அவன் வீட்டு அடுப்புத்தான் அன்று விரதம் இருக்கிறது. பண்டிகைச் சம்பளம் என்று கேட்க அவனுக்கும் உரிமை உண்டு.

பண்டிகையை எப்போது விடவேண்டும் என்பதும் உழைப்பவனுக்குத் தெரியும். கச்சத்தீவு 1974ல் இலங்கைக்குப் போயிற்று. ஆனாலும் அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் போகின்றன. கிறிஸ்தவர் மட்டும் போவதில்லை. 2024 பிப்ரவரியில் நம் மீனவர்களை இலங்கைக் கோர்ட் சிறையில் போட்டதைக் கண்டித்து, ராமேஸ்வரம் விசைப்படகு மீனவர்கள் அந்தத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். அந்தோணியாரிடம் அன்பு குறைந்தா போனது? சிறையில் கிடக்கும் தோழன் எந்த மதம் என்று அன்று எவரும் விசாரிக்கவில்லை.

அடுத்த வருஷப் பட்டியலுக்கு மில் வாயில்களில் கூட்டம் போடவேண்டிய நாள் நெருங்குகிறது. இந்தத் தடவை "ஆட்சேபணை உண்டா?" என்று கடைசியில் கேட்கவேண்டாம். கூட்டத்துக்கு முதல் நாளே ஸ்பின்னிங்குக்கும் கோன் வைண்டிங்குக்கும் போய், அந்த மூன்று பேரிடமும் ஏழெட்டுப் பேரிடமும் தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு வருவோம். கூட்டத்தில் அதை எடுத்துப் படிப்பவர் தீபாவளி கொண்டாடுகிற ஒரு தோழராக இருக்கட்டும்.