பிடித்து விடும் மீன்

பத்தாயிரம் தடவை தூண்டில் வீசினால் ஒரு தடவை அகப்படும் என்று வட அமெரிக்காவில் ஒரு மீனுக்குக் கீர்த்தி உண்டு. அப்பேர்ப்பட்ட மீன் கடைசியில் அகப்பட்டதும் பிடித்தவர் என்ன செய்கிறார் என்று நினைக்கிறீர்கள்? நீளத்தை அளந்து, ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஏரியிலேயே விட்டுவிடுகிறார். சட்டிக்கும் போவதில்லை, சந்தைக்கும் போவதில்லை. இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று நேயர்கள் கேட்கலாம். விஷயத்தைச் சற்று விசாரித்துப் பார்த்தால், பைத்தியம் ஓரளவு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கணக்கும் இருக்கிறது.

மீனின் பெயர் மஸ்கலஞ்சு. செல்லமாக மஸ்கி என்பார்கள். பைக் என்ற கொடிய மீனின் குலத்தில் இதுவே மிகப் பெரியது. வட அமெரிக்காவைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. பெயரின் மூலம் அந்நிலத்தின் பழங்குடிகளான ஓஜிப்வே மக்களின் பாஷையில் இருக்கிறது. 'அவலட்சணமான பைக்' என்று சிலரும், 'பெரிய பைக்' என்று சிலரும் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் அச்சொல்லைத் தங்கள் காதுக்கு ஏற்றபடி 'நீண்ட முகமூடி' என்று ஆக்கிக்கொண்டார்கள். வாத்தின் அலகு போன்ற நீண்ட வாயையும், அதனுள் வரிசை வரிசையாக உள்ள பற்களையும் பார்த்தால் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்று தோன்றும்.

இந்த மீன் ஏரிக்கு ராஜாவாகையால், ராஜாக்களைப் போலவே எண்ணிக்கையில் குறைவு. நல்ல ஏரி என்று பெயர் பெற்றவற்றிலும் ஏக்கருக்கு ஒரு பெரிய மீன்கூடத் தேறுவது அரிது. பெண் மீன்தான் பெரிதாக வளரும். அதுவும் ஐந்தாறு வருஷங்கள் கழித்துத்தான் முட்டையிடத் தொடங்கும். ஐம்பது அங்குல நீளத்தை எட்டுவதற்குப் பெரும்பாலும் பதினைந்து வருஷங்களுக்குக் குறையாது. முப்பது வயது வரை வாழ்ந்த மீன்களும் உண்டு. தோள்பட்டையில் உள்ள ஓர் எலும்பில், மரத்தில் வளையம் இருப்பது போல, வருஷக் கோடுகள் விழுந்திருக்கும். அவற்றை எண்ணி வயதை நிர்ணயிக்கிறார்கள். ஆகவே, ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் அடித்துக் கொல்லும் மீனுக்கு ஈடாக இன்னொன்று வளர்வதற்குள், அவருடைய குழந்தை பள்ளிக்கூடப் படிப்பையே முடித்துவிடும்.

முன்காலத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. படகின் அருகே வந்த மீனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்று ஏற்றுவதும், பிறகு அதைச் சுவரில் மாட்டுவதும் வழக்கமாக இருந்தன. விஸ்கான்ஸின் மாகாணத்து ஹேவார்டு என்ற சிற்றூரின் சுற்றுப்புறத்தில் 1949-ஆம் வருஷம் ஜூலையில் 67 ராத்தல் 8 அவுன்ஸ் எடையுள்ள மீன் ஒன்றும், அக்டோபரில் 69 ராத்தல் 11 அவுன்ஸ் எடையுள்ள மீன் ஒன்றும் பிடிபட்டன என்பது பதிவு. இவற்றில் எது உலக சாதனை என்று இன்றைக்கும் இரண்டு ஸ்தாபனங்கள் இரண்டு விதமாகச் சொல்லி வருகின்றன. ஹேவார்டில் ஒரு காட்சிசாலைக் கட்டிடத்தையே 143 அடி நீளமுள்ள மஸ்கி மீனின் வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன் திறந்த வாயில் ஏறி நின்று, கீழ்த்தாடைப் பற்களுக்கு நடுவிலிருந்து ஊரைப் பார்க்கிறார்கள்.

கணக்கு உறைக்கத் தொடங்கியது 1960-களில். மின்னஸோட்டா மாகாணத்து ஸெயிண்ட் பால் நகரில் 1966-ல் 'மஸ்கீஸ் இன்கார்ப்பரேட்டட்' என்ற சங்கம் ஆரம்பமாயிற்று. குஞ்சுகளை வளர்த்து ஏரிகளில் விடுவதும், பிடித்த மீனை உயிரோடு விடும்படி பிரசாரம் செய்வதும் அதன் வேலை. சட்டமும் மெதுவாகப் பின்தொடர்ந்தது. மின்னஸோட்டாவில் 2015 முதல் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியைப் பொதுவாக எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவு பெரிய மீன் வாழ்நாளில் ஒரு தடவை அகப்பட்டாலே அதிருஷ்டம். எனவே, 'விட்டுவிடு' என்பதைச் சட்டம் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறது என்றே நாம் கொள்கிறோம்.

இது நிற்க. ரசம் மிகுந்த பகுதி எதுவென்றால், முன்பின் தெரியாத ஏரியில் இந்த மீனைத் தேடுவதுதான். கானடா எல்லையில் உள்ள 'வனங்களின் ஏரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தீவுகள் மட்டுமே பதினாலாயிரத்துக்கு மேல். எங்கே தொடங்குவது? புதிதாகப் போகிறவர் கண்ட இடமெல்லாம் வீசிக் கையைக் கடுக்க வைத்துக்கொள்வார். விவரம் தெரிந்தவர் முதல் நாள் தூண்டிலைத் தொடுமுன் ஆழம் குறித்த படத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஆழத்திலிருந்து திடீரென்று மேலெழும் பாறை மேடு எது, இரண்டு தீவுகளுக்கு இடையே தாழ்ந்த பாதை எது, நீர்க்கொடிகள் அடர்ந்து வளர்ந்து ஆழத்தின் விளிம்பில் முடியும் இடம் எது என்று பார்ப்பார். பிறகு காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று பார்ப்பார். காற்று மோதும் கரையில் சிறு மீன்கள் ஒதுங்கும். சிறு மீன் இருக்கும் இடத்தில் ராஜா இருப்பார்.

ஏரியின் தண்ணீர் தெளிவா, தேயிலைக் கஷாயம் போன்ற பழுப்பா என்பதும் முக்கியம். தெளிந்த ஏரியில் மீன் தூரத்திலிருந்தே பார்த்துவிடும்; சந்தேகமும் அதிகம். பழுப்பு நிற ஏரியில் கரையோரத்திலேயே கிடக்கும். அந்த ஏரியில் மஸ்கிக்கு ஆகாரம் என்ன என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸிஸ்கோ என்ற கொழுத்த மீன் உள்ள ஏரிகளில், கரையையே மறந்து, நடு ஏரியில் ஆழமான தண்ணீரின் மேல்பகுதியில் மஸ்கி உலாவும். இவற்றை விசாரிப்பதற்கு உள்ளூரில் இரை விற்கும் கடைக்காரரைப் போல உபாத்தியாயர் இல்லை. அவருக்கு இரண்டு டாலருக்கு வியாபாரம் கொடுத்தால் இருபது வருஷத்து ஞானம் கொசுறாகக் கிடைக்கும்.

இன்னொரு விசித்திரம். மஸ்கி இரையைக் கவ்வாமல் படகு வரைக்கும் பின்தொடர்ந்து வந்து, ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அதனால் இரையைத் தண்ணீரிலிருந்து தூக்குமுன், கோலின் நுனியை நீரில் அமிழ்த்தி, படகின் பக்கத்திலேயே எட்டு என்ற எண்ணை எழுதுவது போல ஒவ்வொரு தடவையும் சுழற்றுகிறார்கள். காலையிலிருந்து ஆயிரம் எட்டுப் போட்டவருக்கு ஆயிரத்தோராவது எட்டில் தண்ணீர் வெடிக்கும். வெடிக்காமலும் போகலாம். அப்படிப் பின்தொடர்ந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, சூரியாஸ்தமன சமயத்தில் மறுபடி வருவதுதான் தெரியாத ஏரியைத் தெரிந்த ஏரியாக ஆக்கும் வழி.

மீன் மாட்டிக்கொண்ட பிறகுதான் உண்மையான பரீட்சை. விட்டுவிட்டேன் என்று சொல்வது எளிது. விட்ட மீன் பிழைத்ததா என்பதல்லவா கேள்வி? போராடிய மீன், ஓடி முடித்த மனிதனைப் போல இளைத்துக் கிடக்கிறது. மனிதன் மூச்சு வாங்கலாம். தண்ணீரை விட்டு வெளியே தூக்கப்பட்ட மீனுக்கு அதுவும் இல்லை. 1980-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், தூண்டிலில் போராடிய மஸ்கிகளில் சுமார் 30 சதவீதம் இறந்துபோயின என்று கண்டார்கள். முப்பது வருஷங்களுக்குப் பிறகு கானடாவில், பழக்கப்பட்டவர்கள் தக்க கருவிகளோடு பிடித்து விட்ட மீன்களை ஆராய்ந்தபோது, அவை அநேகமாகப் பிழைத்துக்கொண்டதைக் கண்டார்கள். வித்தியாசத்துக்குக் காரணம் மீன் அல்ல, மனிதனுடைய கைப்பழக்கம்.

அந்தக் கைப்பழக்கம் இன்னதென்று சொல்கிறோம். பெரிய கைவலை வேண்டும். அதுவும் ரப்பர் பூசியதாக இருந்தால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு உரியாது. வலைக்குள் வந்த மீனைப் படகில் ஏற்றுவதில்லை. வலையைத் தண்ணீரிலேயே தொங்கவிட்டு, நீண்ட குறட்டால் முள்ளை எடுக்க வேண்டும். முள் ஆழமாகப் பதிந்திருந்தால் அதைப் பிடுங்கிச் சதையைக் கிழிக்காமல், கம்பி வெட்டும் கத்தரியால் முள்ளையே துண்டித்துவிட வேண்டும். முள்ளின் விலை சில காசு. மீனின் வயதோ பதினைந்து. தூக்கியே ஆக வேண்டுமானால் ஒரு கை செவுள் மூடியின் உள்விளிம்பில், ஒரு கை வயிற்றின் கீழ், படுக்கை வாட்டமாகச் சில விநாடிகள், அவ்வளவுதான். தாடையில் தூக்கித் தொங்கவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது நமக்கு ஆத்திரம் வருகிறது. ஏரித் தண்ணீரின் சூடு பாரன்ஹீட் 80 டிகிரியைத் தொட்டால் பிராணவாயு குறைந்துபோகும். அந்த நாட்களில் பொறுப்புள்ளவர்கள் மஸ்கியைத் தேடிப் போவதே இல்லை. சுவரில் மாட்டிக்கொள்ள ஆசையிருப்பவர், நீளத்தையும் சுற்றளவையும் சொன்னால் அதே அளவில் செயற்கை மீன் செய்து கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தும் சில சமயம் தவறிவிடுகிறது. 2021 நவம்பரில் மின்னஸோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் ஒருவர் 57¾ அங்குல மீன் ஒன்றைப் பிடித்தார். அவரும் நண்பர்களும் குளிரில் வெகுநேரம் அதைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அது நீந்திப் போகவில்லை. கடைசியில் நிறுத்துப் பார்த்தபோது 55 ராத்தல் 14.8 அவுன்ஸ். 1957 முதல் நிலைத்திருந்த மாகாண சாதனை இப்படி முறிந்தது.

பிடித்து விடுவது தர்மமா என்ற கேள்விக்கும் ஒரே பதில் இல்லை. தின்பதற்கல்லாமல் விளையாட்டுக்காக ஓர் உயிரை வதைக்கலாமா என்று ஓஜிப்வே மக்களில் பலர் கேட்கிறார்கள். விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதை ஸ்விட்ஸர்லாந்து சட்டத்தால் தடுத்திருக்கிறது. ஓஜிப்வேக்களின் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரமும் உண்டு. 1949 அக்டோபரின் பெரிய மீன் கிடைத்த சிப்பேவா நீர்த்தேக்கம் இயற்கை ஏரியல்ல. 1923-ல் ஓர் அணையைக் கட்டி, அம்மக்களின் ஆட்சேபத்தையும் மீறி, அவர்களுடைய கிராமத்தையும் மூதாதையரின் சமாதிகளையும் தண்ணீரில் மூழ்கடித்து உண்டாக்கியது அது. 1837, 1842 உடன்படிக்கைகளின்படி மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு இன்னும் உண்டு என்று 1983-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு அவர்கள் வேலோடு இரவில் ஏரிக்குப் போனபோது, படகுத் துறைகளில் வெள்ளையர்கள் கூடி வசை பாடினார்கள், கல்லும் எறிந்தார்கள். மீனைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். வேலால் பிடிபடும் ஒவ்வொரு மீனும் துறையிலேயே எண்ணிக் கணக்கில் ஏற்றப்படுகிறது என்பது அவர்களுடைய காதில் ஏறவில்லை. தான் விட்ட மீனுக்காகத் தன்னை மெச்சிக்கொள்கிறவர், அம்மீனுக்குப் பெயர் வைத்தவர்களின் மேல் கல்லெறிவது நமக்கு ஒப்பவில்லை.

ஊர் ஊராக, ஏரி ஏரியாகப் போகிறவர்கள் செய்ய வேண்டிய காரியம் இன்னும் ஒன்று உண்டு. ஓர் ஏரியின் தண்ணீரோடு வரிச்சிப்பி முதலான அந்நியப் பிராணிகளும், தண்ணீரை அடைத்துப் பரவும் களைக்கொடிகளும் படகில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடுகின்றன. ஆகையால் கரையேறியதும் கொடிகளைக் களைந்து, படகின் அடியிலுள்ள தக்கையைப் பிடுங்கித் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். மின்னஸோட்டாவில் தக்கையைப் பூட்டியபடியே படகைச் சாலையில் இழுத்துச் சென்றால் அபராதம் உண்டு.