கூரையில் ஒரு சன்னல்: எவ்வளவு ஆகும்?

பட்டப்பகலிலும் விளக்கு எரியும் வீடுகள் சிங்கப்பூரில் நிறைய உண்டு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்னால் சன்னல், பின்னால் சன்னல். நடுவில் இருக்கும் கூடமும் மாடிப்படியும் காலை பத்து மணிக்கே அந்திநேரம் போல இருக்கும். வரிசைத் தரைவீடுகளில் இடையில் அமைந்தவற்றுக்கும் தேக்காவின் பழைய கடைவீடுகளுக்கும் இந்தக் குறை பொது.

வீட்டைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போது, “கூரையில் ஒரு சன்னல் வைத்துவிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். படங்களில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த கேள்வி உடனே வரும்: “எவ்வளவு ஆகும்?”

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கண்ணாடியின் விலை ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். மழைக்கு எவ்வளவு, வெயிலுக்கு எவ்வளவு, கூரைமேல் ஏறும் மனிதரின் பாதுகாப்புக்கு எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டால்தான் கணக்கு முடியும்.

கூரை யாருடையது?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வீவக அடுக்குமாடியின் உச்சி மாடியில் குடியிருந்தாலும் கூரை நம்முடையதன்று. அது பொது இடம். நகர மன்றம் பராமரிப்பது. அதில் துளை போடும் பேச்சுக்கே இடமில்லை. கொண்டோமினியத்திலும் கூரை பெரும்பாலும் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவான சொத்து; நிர்வாகக் கழகத்தைக் கேட்காமல் தொட முடியாது. ஆக, இந்தக் கேள்வி தரைவீட்டுக்காரர்களுக்கும் கடைவீட்டுக்காரர்களுக்கும் உரியது.

தரைவீட்டிலும் நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. கூரையைத் தாங்கும் உத்தரத்தையோ கான்கிரீட் தளத்தையோ தொட வேண்டியிருந்தால் நிபுணத்துவப் பொறியாளர் கணக்கிட்டு வரைபடம் போட வேண்டும். கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். அவருக்கான கட்டணம் தனி.

லிட்டில் இந்தியா கடைவீடு என்றால் இன்னொரு படி கூடுதல். 1989ஆம் ஆண்டு சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவற்றோடு லிட்டில் இந்தியாவும் பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் கூரையை மாற்ற நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி கட்டாயம். தெருவிலிருந்து பார்க்கும்போது ஓடுகள் வேய்ந்த முன்சரிவு பழைய தோற்றத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் விதிகளின் அடிப்படை. அதனால் சன்னலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பின்சரிவைப் பற்றியதாகவே இருக்கும். அனுமதி கிடைப்பதற்கு முன்னால் குத்தகையாளருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வெளிச்சத்துக்காக ஒரு நூற்றாண்டு

வெளிச்சம் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஊரின் பழைய கதையைச் சொல்ல வேண்டும். கடைவீட்டின் முகப்பு குறுகல். உள்ளே போகப் போக நீளம். அஞ்சடியைத் தாண்டி நாலு எட்டு வைத்தாலே வெளிச்சம் குறையத் தொடங்கிவிடும். வாடகைக்காக மாடிகளைப் பலகையால் தடுத்துச் சன்னலே இல்லாத சிற்றறைகளாக்கினார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம்.

1907ல் பேராசிரியர் சிம்ப்சன் சிங்கப்பூரின் சுகாதார நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தபோது, இந்த இருட்டையும் காற்றோட்டமின்மையையும் காசநோயோடு சேர்த்தே பேசினார். வீடுகளின் பின்புறத்தில் சந்துகளைத் திறந்துவிடச் சொன்னார். இன்று சிராங்கூன் சாலையின் பக்கத் தெருக்களில் கடைகளுக்குப் பின்னால் நாம் பார்க்கும் பின்சந்துகள் குப்பை அள்ள மட்டும் வந்தவை அல்ல. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழிவிட வந்தவை. 1927ல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை தொடங்கப்பட்டதற்கும் இந்த நெரிசல் ஒரு காரணம்.

அந்தக் காலக் கொத்தனார்களுக்கும் வழி தெரியாமல் இல்லை. கடைவீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்றை விட்டார்கள். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு வழி, பெரிய கூரையின் முகட்டைத் திறந்து அதன்மேல் சற்று உயரத்தில் ஒரு குட்டிக் கூரை போடுவது. நேர்வெயிலையும் மழையையும் குட்டிக் கூரை தடுக்கும்; பக்கவாட்டு இடைவெளியில் வெளிச்சம் உள்ளே வரும், சூடான காற்று வெளியே போகும். ஊரில் ஓட்டு வீடுகளில் நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓட்டைப் பதித்திருப்பார்களே, அதுவும் இதே கூட்டம்தான். அடுக்களையில் விழும் அந்த ஒரு சதுர வெளிச்சத்தில்தான் எத்தனையோ பாட்டிமார் அரிசி புடைத்தார்கள்.

கடைவீடு வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் புதிதாகத் துளை போடுவதற்கு முன், பொய்க்கூரையைக் கழற்றி மேலே பார்ப்பது நல்லது. பழைய முற்றத்தையோ குட்டிக் கூரையையோ யாராவது பலகை வைத்து மூடியிருக்கக்கூடும். அதைத் திறந்து சீர்செய்வது புதிதாக வெட்டுவதைவிடச் சுலபமாக இருக்கலாம்.

டென்மார்க்கின் சூரியனும் நம் சூரியனும்

இன்று விற்கப்படும் கூரைச் சன்னல்களில் பெயர்பெற்றது வெலக்ஸ். 1940களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் பிறந்தது. அந்த நாட்டின் தலைநகரில் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 11 பாகை உயரம்தான் ஏறும். கிடைக்கிற வெயிலையெல்லாம் வீட்டுக்குள் இழுத்துக்கொள்வது அவர்களுக்கு லாபம்.

நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகை வடக்கில். இங்கு ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் 65 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. சுவர்ச் சன்னலுக்கு மேல்மாடியின் நிழலாவது கிடைக்கும். கூரைச் சன்னலுக்கு நிழல் தர யாருமில்லை.

ஒரு சின்னக் கணக்கு. வானம் தெளிவாக இருக்கும் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் விழும் வெயிலின் ஆற்றல் ஏறக்குறைய 1,000 வாட். சாதாரணக் கண்ணாடி என்றால் அதில் சுமார் 800 வாட் வெப்பம் உள்ளே வந்துவிடும். படுக்கையறைக்குப் போடும் 9,000 பிடியு குளிரூட்டியின் முழுத்திறனே சுமார் 2,600 வாட்தான். ஒரே ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, அந்தக் குளிரூட்டியின் உழைப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள நல்ல கண்ணாடியானால் உள்ளே வருவது 300 வாட் அளவுக்குக் குறையும். அந்தக் கண்ணாடிக்குக் கூடுதல் விலை ஒருமுறைதான். மின்கட்டணம் மாதாமாதம்.

தலைக்கு மேல் வைக்கும் கண்ணாடி, இரண்டு தகடுகளுக்கு நடுவே பசைப்படலம் வைத்து ஒட்டியதாக இருக்க வேண்டும். உடைந்தாலும் சில்லுகள் அந்தப் படலத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே இருப்பவர் தலையில் கொட்டாது. விலைப்புள்ளியில் “கண்ணாடி” என்று மட்டும் போட்டிருந்தால் என்ன வகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மழைக்கு வழி

நம் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கூரைச் சன்னல் ஒழுகினால் பெரும்பாலும் குற்றவாளி கண்ணாடி அல்ல. கண்ணாடிச் சட்டமும் ஓடும் சேரும் விளிம்பு. அங்கே உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்துப் போட வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீர் தகட்டின் மேலேயே ஓடி அடுத்த ஓட்டுக்கு இறங்கிவிடும். “சிலிக்கான் பூசினால் போதும்” என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள். வெயிலில் காய்ந்து அது வெடிக்கும் நாள் வரும். அடுத்த மழையில் பொய்க்கூரையில் கறை தெரியும்.

கூரையின் சரிவையும் பார்க்க வேண்டும். சரிவுக் கூரைக்கான சன்னல்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 15 பாகைச் சரிவு தேவை. தட்டைக் கூரை என்றால் முதலில் தளத்திலிருந்து உயர்த்தி ஒரு விளிம்புச்சுவர் கட்டி, அதன்மேல் சன்னலை உட்கார வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் குழாய்த் தண்ணீரை அடித்துச் சோதித்துக் காட்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுப்பது நல்ல வழக்கம்.

மூன்று விலைப்புள்ளிகள்

என் நண்பர் ஒருவர் இடைவரிசைத் தரைவீட்டில் இருக்கிறார். எண்பதை நெருங்கும் அவருடைய அம்மாவால் இப்போது அதிகம் வெளியே போக முடிவதில்லை. பகல் முழுவதும் நடுக்கூடத்து நாற்காலியில்தான். “மணி என்னப்பா? விடிஞ்சுதா, பொழுது சாஞ்சுதான்னே தெரியல” என்று அவர் கேட்டதுதான் நண்பரைக் கூரைச் சன்னலைப் பற்றி யோசிக்க வைத்தது.

மூன்று குத்தகையாளர்களிடம் விலைப்புள்ளி வாங்கினார். குறைந்ததற்கும் கூடியதற்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். மலிவானதில் சன்னலும் பொருத்துக்கூலியும் மட்டும் இருந்தன. சாரக்கட்டு இல்லை, உட்புறப் பொய்க்கூரையை வெட்டிச் சீர்செய்து சாயம் பூசுவது இல்லை, திரை இல்லை, ஒழுகினால் யார் பொறுப்பு என்ற வரியும் இல்லை. அவற்றையெல்லாம் சேர்த்துத் திரும்பக் கேட்டபோது மூன்று தொகைகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. வரி சேர்க்காமல் பேசும் பழக்கமும் உண்டு. பத்தாயிரம் வெள்ளி என்று பேசி முடித்த வேலை, 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியோடு 10,900 வெள்ளி ஆகும்.

கடைசியில் கூடத்துக்கு நேர்மேலே வைக்காமல் மாடிப்படிக்கு மேலே வைத்தார்கள், சூடான காற்று வெளியேறப் பக்கவாட்டுத் திறப்போடு. படிச்சுவரில் பட்டு இறங்கும் வெளிச்சம் கூடத்துக்கு வருகிறது. வெயில் அம்மாவின் தலையில் விழுவதில்லை. இப்போது அவர் மழை வருவதைக் கூடத்தில் உட்கார்ந்தே சொல்லிவிடுகிறார்.

இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு ஒளிக்குழாய் உண்டு. கூரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு துளை, உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் குழாய், கீழே மங்கலான வட்டத் தட்டு. வானம் தெரியாது, இருட்டு போகும். துளை சிறியதால் வெப்பமும் குறைவு.

மேலே ஏறுபவர் யார்?

மூன்றாவது செலவை யாரும் கேட்பதில்லை. ஓட்டின்மேல் ஏறி, மழையில் வழுக்கும் சரிவில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்பவர் பல நேரங்களில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தோ புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தோ வந்த தம்பியாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பவர்களில் ஒருவர்.

3 மீட்டருக்கு மேல் விழும் ஆபத்துள்ள வேலைக்கு முறையான வேலை அனுமதி நடைமுறை இருக்க வேண்டும் என்று உயரத்தில் வேலை செய்வதற்கான விதிமுறைகள் 2013லிருந்தே சொல்கின்றன. மாடி வீட்டின் கூரை அந்த உயரத்தைத் தாண்டியது. பழைய ஓடும், நாள்பட்ட ஒளிபுகும் தகடும் ஆள் பாரத்தைத் தாங்காது. கூரைத் தகடு உடைந்து கீழே விழுந்து ஊழியர்கள் இறந்த விபத்துகள் இங்கும் நடந்திருக்கின்றன.

விலைப்புள்ளியில் சாரக்கட்டு, பாதுகாப்பு வார், அதை மாட்ட உறுதியான பிடிமானம் ஆகியவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த மலிவு விலையின் மீதியை அவர்தான் கட்டுகிறார். “அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்” என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். மழை நாளில் வேலையை ஒத்திப்போடச் சொல்லும் உரிமையும் வீட்டுக்காரருக்கு உண்டு. ஒரு வாரம் தள்ளிப்போனால், இத்தனை வருடம் இருட்டில் இருந்த கூடம் இன்னும் ஒரு வாரம் இருட்டில் இருக்கும், அவ்வளவுதான்.