பாட்டி வாயில் யாருடைய வசனம்?

பொங்கல் வாழ்த்து என்றால் ஒரு காலத்தில் தபால்காரர் கொண்டு வருவது. சிவகாசியில் அச்சான அட்டை. அதில் கரும்பு, பானை, மாடு, இல்லாவிட்டால் ஒரு சினிமா நட்சத்திரம். இப்போது அந்த வேலையை வீட்டு செல்போனே செய்கிறது. குடும்பப் போட்டோ ஒன்றை எடுத்து, ஆளுக்கொரு பேச்சுக் குமிழி ஒட்டி, வசனம் எழுதி, ஸ்டூடியோவில் நாலு பிரிண்ட் போட்டால் அட்டை ரெடி!

நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். முகம் தெரியாத நட்சத்திரத்தைவிடச் சொந்த முகங்கள் எவ்வளவோ மேல். தகராறு எல்லாம் குமிழிக்குள் இருக்கும் வசனத்தில்தான்.

ஆரணிப் பக்கம் ஒரு தறி வீட்டை நினைத்துப் பாருங்கள். சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம்... எந்த ஊராகவும் இருக்கட்டும். தாத்தா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறார். பாட்டி ராட்டையில் தார் சுற்றுகிறார். பேரன் படம் எடுக்கிறான். தாத்தாவின் தலைக்கு மேல் ஒரு வடிவேலு வசனம், பாட்டியின் வாயில் ஒரு மாமியார் ஜோக். சொந்தக்காரர்கள் நாற்பது பேர் சிரிக்கிறார்கள். பாட்டிக்கு மட்டும் யாரும் படித்துக் காட்டவில்லை.

"சும்மா தமாஷ், இதுக்குப் போயா?" என்பார்கள். சரி, குமிழி என்றால் என்ன? அதில் முக்கியமானது வால். அந்த வால் ஒரு வாயை நோக்கிப் போகிறது. "இதைச் சொன்னது இவர்தான்" என்று அர்த்தம். மேகம் மாதிரி இருந்தால் மனசுக்குள் நினைப்பது, முள் முள்ளாக இருந்தால் கத்துவது. 1972இல் முத்து காமிக்ஸ் வந்ததிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இரும்புக்கை மாயாவிக்குச் சொந்த வாய் கிடையாது, எழுதுகிறவர்தான் பேச வைக்க வேண்டும். பாட்டிக்கு வாய் இருக்கிறது!

வடிவேலு கதை வேறு. 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் நேசமணி, 2019 மே மாதத்தில் உலக அளவில் டிரெண்ட் ஆனார். ஆகட்டுமே. சிரிக்க வைப்பது அவர் தொழில், அதற்காகவே திரையில் வந்த முகம் அது. தார் சுற்றுகிற பாட்டி அப்படி யாருக்கும் முகத்தை எழுதிக் கொடுக்கவில்லை.

இந்த வலி ஆரணிக்குப் புரியாமல் போகலாமா? இங்கே நெய்த சேலை வெளியூர்க் கடையில் காஞ்சிபுரம் பட்டு என்று விலை போகிறது என்பது இந்த ஊர் நெசவாளர்களின் பழைய குறை. ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு இருக்கிறது. இருந்தும் வாங்குகிறவரிடம் சேலையின் சார்பில் பேசுவது கடைக்காரரின் வாய்தான். கை ஒருவருடையது, பேச்சு இன்னொருவருடையது. கடைக்காரர் செய்தால் மோசடி, பேரன் செய்தால் தமாஷா?

குமிழி சின்னது என்று விட்டுவிடவும் முடியாது. கருணாநிதி மறைந்தது 2018இல். 2024 ஜனவரியில் அவர் உருவம் செயற்கை நுண்ணறிவு வீடியோவில் தோன்றி வாழ்த்துரை வழங்கியது. அடுத்த மாதமே, 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் ஓர் ஆடியோ வந்தது. கட்சி எதுவானாலும் வேலை ஒன்றுதான்: திருத்திச் சொல்ல முடியாதவர் வாயில் வசனம் வைப்பது. இது குமிழியின் பெரியண்ணன். போட்டோவில் மாலை தொங்கும் தாத்தாவுக்கும் "என் ஆசீர்வாதம்" என்று குமிழி ஒட்டுகிற கை, நாளைக்கு அவர் குரலையும் செய்து பார்க்கத் தயங்காது.

அப்படியானால் குமிழியே வேண்டாமா? வேண்டும். அவர்களிடமே கேட்டுப் போட வேண்டும். தினம் பத்து தடவை பாட்டி சொல்லும் "துன்னுட்டுப் போ கண்ணு" எந்த சினிமா வசனத்துக்குக் குறைந்தது? தாத்தாவைக் கேட்டால் "ஜரிகை வந்துச்சா, கூலி எப்ப?" என்பார். பொங்கல் அட்டையில் அது வந்தால் நாற்பது பேரும் சிரிப்பார்கள், நாலு பேராவது யோசிப்பார்கள். பத்து வருஷம் கழித்து அட்டையை எடுத்துப் பார்த்தால் சினிமா வசனம் பழசாகியிருக்கும், பாட்டியின் பேச்சு அப்படியே இருக்கும்.

"எனக்கு ஒண்ணும் போடாதே" என்று அவர் சொன்னால்? குமிழி இல்லாமல் விட்டுவிட வேண்டியதுதான். பேரனுக்கு வசனம் எழுத ஆசையா? அட்டையின் அடியில் நிறைய இடம் இருக்கிறது, அவன் பெயருக்குப் பக்கத்தில்.