எல்லாவற்றுக்கும் மூலம் என்று பெயர் வைக்காதீர்கள்

நம் ஊர்ப் பேச்சில், உட்காரும் இடத்தில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: மூலம். ரத்தம் வந்தால் மூலம். எரிச்சல் என்றால் மூலச்சூடு. கட்டி தட்டுப்பட்டால் "உள்மூலம் வெளியே வந்துட்டுது". சீழ் வந்தால் "மூலம் பழுத்துட்டுது". கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பவுத்திரம் என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அதையும் மூலத்தின் தம்பி என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த ஒற்றைச் சொல்லின் மேல் எனக்கு வெகுநாள் கோபம். அதை இன்று எழுதி இறக்கி வைக்கப் போகிறேன். சாப்பிடும் வேளை என்றால் பிறகு படியுங்கள். படிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் 31 வருடம் நின்ற மருந்தாளுநர். முழங்கால் வலிக்குச் சீட்டு வாங்கி வந்தவர், மாத்திரையைக் கையில் வாங்கிய பிறகும் நகர மாட்டார். பின்னால் நிற்பவர் காதில் விழாதபடி குனிந்து, "சார், மூலத்துக்கு ஏதாவது இருந்தா ரெண்டு குடுங்களேன்" என்பார். டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டால், "அதை எப்படி சார் சொல்றது" என்பார். டாக்டரிடம் சொல்ல முடியாததை ஜன்னல்காரனிடம் சொல்ல முடிந்தது ஏன்? நான் பார்க்கக் கேட்க மாட்டேன். அவ்வளவுதான் காரணம்.

என் கட்சி இதுதான்: அந்த இடத்துக்கு, பார்க்காமல் யாரும் மருந்து கொடுக்கக் கூடாது, காட்டாமல் யாரும் மருந்து வாங்கக் கூடாது. அங்கே வருவது ஒரு நோய் அல்ல. குறைந்தது அரை டஜன். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது. சிலசமயம் கெடுதல் செய்யும்.

வலி அதிகம் இல்லாமல் மலத்தோடு சிவப்பாக ரத்தம் வந்தால் பெரும்பாலும் அது மூலம்தான். ஆனால் நம் வயதில் அந்தப் "பெரும்பாலும்" போதாது. மலக்குடல் புற்றுநோயும் அப்படித்தான் தலைகாட்டும். குழாய் விட்டுப் பார்த்து "அது இல்லை" என்று ஒருவர் சொல்லும்வரை, மூலம் என்று நாமே தீர்ப்பு எழுதக் கூடாது.

மலம் போகும்போது பிளேடால் கீறியது போல வலித்து, அந்த வலி ஒரு மணி நேரம் நின்றால் அது வெடிப்பு. பெரும்பாலும் ஆசனவாய் ஓரத்துத் தோலில் ஏற்பட்ட கிழிசல். மலத்தை இளக்கி, வெந்நீரில் உட்கார்ந்து, உரிய களிம்பு போட்டால் முக்கால்வாசி ஆறும்.

விண் விண் என்று தெறிக்கும் வலி, உட்கார முடியாத வீக்கம், கூடவே காய்ச்சல் என்றால் அது சீழ்க்கட்டி. ஆசனவாயின் உள்ளே சுற்றிலும் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அவற்றில் ஒன்று அடைத்துக் கிருமி புகுந்தால், சீழ் தசைகளுக்கு நடுவே வழி தேடிக்கொண்டு தோலுக்கு அடியில் வந்து தேங்கும். தேங்கிய சீழை மாத்திரை வற்றவைக்காது. கீறி வெளியேற்ற வேண்டும். நம் பாட்டிமார் கட்டிக்குப் பற்றுப் போட்டுப் பழுக்க வைத்து உடைத்ததும் இதே கணக்குத்தான். ஆனால் இந்த இடத்துக் கட்டி தானாக உடையட்டும் என்று காத்திருப்பது வேறு விளையாட்டு.

அந்தச் சீழ் வந்த பாதை சிலருக்கு மூடாமல் நின்றுவிடும். உள்ளே ஒரு வாய், வெளியே தோலில் பரு மாதிரி ஒரு துளை, நடுவில் சுரங்கம். துளை மூடும், வலிக்கும், உடையும், கசியும், மறுபடி மூடும். உள்ளாடையில் கறை வரும். இதுதான் பவுத்திரம். இதற்கும் மூலத்துக்கும் சம்பந்தமே இல்லை. மூலம் என்பது புடைத்த ரத்தநாளத் திண்டு. பவுத்திரம் என்பது குழாய். மூலக் களிம்பை எத்தனை ட்யூப் தேய்த்தாலும் சுரங்கம் அடையாது.

இன்னும் கொஞ்சம் மேலே, முதுகுத்தண்டின் வால் எலும்புக்கு மேல் பிளவில், இளவட்டங்களுக்கு ஒரு கட்டி வரும். உதிர்ந்த முடி தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்க் கூடு கட்டியிருக்கும். 1880-ல் ஹாட்ஜஸ் என்ற அமெரிக்க டாக்டர் இதற்கு வைத்த லத்தீன் பெயரே முடி, கூடு என்ற இரண்டு சொற்களின் சேர்க்கைதான். இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஏராளமாக வந்ததால் "ஜீப் நோய்" என்றே பெயர் வாங்கியது. இதற்கும் ஆசனவாய்க்கும் தொடர்பில்லை. ஆனாலும் உங்கள் பேரனுக்கு வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "இந்த வயசுலயே மூலமா?" என்றுதான்.

வேறொன்றும் உண்டு. அக்குள், தொடை இடுக்கு, பிட்டம் என்று மாறி மாறிக் கட்டிகள் வந்து, உடைந்து, தழும்பாகி, தோலுக்கு அடியில் ஒன்றோடொன்று சேரும். இது அழுக்கால் வருவதல்ல. தொற்றுவதல்ல. ஒழுக்கக்கேட்டால் வந்த நோயும் அல்ல. முடிக்கால்கள் அடைத்து அழற்சி கொள்ளும் வியாதி. இதைச் சுமந்துகொண்டு கல்யாணப் பேச்சையே தவிர்த்த ஒரு பெண்பிள்ளையை எனக்குத் தெரியும். "குளிக்கிறதில்லையா" என்று அவளைக் கேட்டவர்களையும் தெரியும். தோல் டாக்டரிடம் போனால் இன்று இதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது.

பல துளைகள், கூடவே நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எடை குறைவு என்றால் குடல் அழற்சி நோயா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் காசநோயும் இப்படி வரும். துளையின் ஓரத்துச் சதையைச் சோதனைக்கு அனுப்பாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. காசநோய் என்றால் அதற்குரிய மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டால்தான் புண் ஆறும். மூல லேகியம் சாப்பிட்டு ஆறுமா?

இப்போது என் கோபத்தின் காரணத்தைச் சொல்கிறேன். என் பெரியப்பா மகன் எனக்கு நாலு வயது மூத்தவர். 15 வருடமாகச் சுகர். மனைவி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் மகனும் மருமகளும். உட்காரும் இடத்தில் வலி எடுத்தபோது அவர் சொன்னது "மூலச்சூடு". மோர், வெந்தயம், இளநீர். நாலாம் நாள் தெருக்கோடி டாக்டரிடம் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே "மூலமா?" என்று அவர் கேட்க, அண்ணன் தலையாட்ட, ஐந்து நாளைக்கு மாத்திரை. எழுந்து வந்து பார்க்கவில்லை, இவரும் காட்டவில்லை. எட்டாம் நாள் ஜன்னி கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது விதைப்பை வரை தோல் கறுத்திருந்தது. சுகர்காரர்களுக்கு அந்த இடத்துக் கிருமி தோலுக்கு அடியில் காட்டுத்தீ மாதிரி பரவும். 1883-லேயே ஃபூர்னியே என்ற பிரெஞ்சு டாக்டர் விவரித்துவிட்டுப் போன நோய் அது. அழுகியதை இரண்டு தடவை வெட்டி எடுத்தார்கள். பதினோராம் நாள் போய்விட்டார். முதல் நாலு நாளில் ஒருவர் பார்த்துக் கீறிவிட்டிருந்தால் பிழைத்திருக்கக் கூடும் என்று ஆபரேஷன் செய்தவரே மகனிடம் சொன்னார்.

அதனால்தான் "மூலமா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுக்கும் டாக்டர்களையும், சுவருக்குச் சுவர் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லை, ரத்தம் இல்லை, ஒரே நாளில் குணம்" என்று எழுதிவைப்பவர்களையும் நான் ஒரே வரிசையில் நிறுத்துகிறேன். முன்னவர் பார்ப்பதில்லை. பின்னவர் பார்க்கிறார், ஆனால் பார்த்ததற்குப் பெயர் சொல்லாமல், என்ன திராவகம் என்றும் சொல்லாமல், ஊசி போடுகிறார். மலத்தை அடக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. அது வெந்துபோனால் மிச்ச ஆயுளுக்கும் அடக்க முடியாது. அந்தக் கஷ்டத்தோடு பஸ் ஏறப் பயந்து வீட்டோடு கிடப்பவர்களின் பிள்ளைகள் என் ஜன்னலுக்கு வந்திருக்கிறார்கள்.

"அப்படியானால் நாட்டு வைத்தியமே ஆகாதா?" என்று பின்னூட்டம் வரும் முன்பே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லவே மாட்டேன். கள்ளிப்பாலும் நாயுருவி உப்பும் மஞ்சளும் பலமுறை பூசிக் காயவைத்த காரநூலைப் பவுத்திரத்துக்குள் கோத்து, வாரம் ஒருமுறை மாற்றி, பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து ஆற்றும் முறை நம்முடையது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை ஆபரேஷனோடு ஒப்பிட்டுச் சோதித்து 1991-ல் முடிவை வெளியிட்டது. நூலில் ஆற 8 வாரம் ஆயிற்று, ஆபரேஷனில் 4 வாரம். ஆனால் திரும்ப வந்தது நூலில் 100-க்கு 4 பேருக்கு, ஆபரேஷனில் 11 பேருக்கு. படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவர் பாதையைப் பார்த்து அறிந்து நூல் கட்டுவது வேறு. பஸ் ஸ்டாண்டு மாடியில் தட்டி மறைவில் நடப்பது வேறு. இரண்டுக்கும் நாட்டு வைத்தியம் என்று ஒரே பெயர் கொடுப்பது முன்னதற்கு அவமானம்.

"ஆபரேஷன் பண்ணினாலும் திரும்ப வருமாமே" என்பது அடுத்த கேள்வி. வரலாம். பாதை எந்தத் தசையைக் கடந்து போகிறது என்பதைப் பொறுத்தது அது. மேலோட்டமான பாதையைத் திறந்துவிட்டாலே ஆறும். ஆழமான பாதை என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரைபடம் பார்த்துத்தான் கைவைப்பார்கள். தசையைக் காப்பாற்ற இரண்டு மூன்று கட்டமாகவும் செய்வார்கள். திரும்ப வரலாம் என்பது நல்ல கைகளைத் தேடுவதற்குக் காரணம். போகாமல் இருப்பதற்குக் காரணம் அல்ல.

கடைசியாக வெட்கம். பிரான்ஸ் தேசத்தின் 14-ஆம் லூயி மன்னருக்கு இதே பவுத்திரம் வந்தது. 1686 நவம்பரில் ஃபெலிக்ஸ் என்ற அறுவை வைத்தியர் மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் கத்தி வைத்தார். மன்னர் பிழைத்தார், அதன்பின் 1715 வரை ஆண்டார். லண்டனில் இந்த நோய்களுக்கென்றே 1835-ல் ஃபிரடெரிக் சால்மன் என்பவர் ஏழைகளுக்காக 7 படுக்கையோடு ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841-ல் பவுத்திர ஆபரேஷன் செய்தவரும் அதே சால்மன்தான். ராஜாவும் காட்டினார், எழுத்தாளரும் காட்டினார். ஓய்வூதியம் வாங்கும் நமக்கு என்ன கிரீடம் இறங்கிவிடப் போகிறது?

பரிசோதனை என்பது இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொள்வது. கையுறை போட்ட விரல், பிறகு கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னக் குழாய். சில நிமிடங்களில் முடிந்துவிடும். தொட விடாத வலி இருந்தால் மயக்கம் கொடுத்துப் பார்ப்பார்கள். பெண்கள் பெண் டாக்டரைக் கேட்கலாம், துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். அது உங்கள் உரிமை. "பார்க்காமலே எழுதித் தருகிறேன்" என்று ஒரு டாக்டர் சொன்னால், "இல்லீங்க, தயவுசெய்து பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள். சுகர்காரர்களுக்கு அங்கே வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும். மறுநாள் என்ற பேச்சே கூடாது.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர் இரண்டு நாளாக ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்கிறார் என்றால், நாற்காலியைத் தவிர்த்து நின்றுகொண்டே காபி குடிக்கிறார் என்றால், அவராகச் சொல்ல மாட்டார். நீங்கள் கேளுங்கள். முகம் சுளிக்காமல் கேளுங்கள். "மூலம்தாம்மா, சரியாப் போயிடும்" என்று சொன்னால், "யார் பார்த்துச் சொன்னாங்க?" என்று திருப்பிக் கேளுங்கள்.