விருந்தும் வேவும்

வீட்டு வாயிலுக்கு வெளியே நிற்கும் அந்நியனைக் கண்காணிப்பதற்கென விற்கப்பட்ட கமரா, இன்று வாயிலைக் கடந்து உள்ளே புகுந்துவிட்டது. கூடத்தின் மூலையிலும், சுவாமி அறையின் நிலைக்கு மேலும், குசினிக்குச் செல்லும் வழியிலும் அது குந்தியிருக்கின்றது. யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளிலும் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளிலும் இக்காட்சி இப்பொழுது புதுமையன்று. கள்வனைக் காட்டிக்கொடுக்கும் என்பது இக்கருவியின் புகழ். ஆயின் கள்வன் எப்பொழுதாவது ஒரு நாள் வரலாம்; வராமலும் விடலாம். நாள்தோறும் அதன் பார்வையில் அகப்படுபவர் யாவர்? வன்னியிலிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு நோய் காட்ட வந்து இரண்டு நாள் தங்கும் மைத்துனி, அந்தியேட்டி வீட்டில் சமையலுக்கு உதவ வந்த பெரியம்மா, பல்கலைக்கழகத்திற் கற்பதற்காக மாமா வீட்டில் ஓர் அறையில் ஒதுங்கியிருக்கும் மாணவன் ஆகியோரே. இவர்களுள் எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. பலருக்கு அங்கே கமரா இருப்பதே தெரியாது.

இது ஒரு சிறு விடயம் என்று தள்ளிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. உறவுக்கும் உடைமைக்கும் இடையே நடைபெறும் ஒரு போராட்டத்தை நாம் இங்கே காண்கின்றோம். அப்போராட்டத்தில் உடைமையின் பக்கம் நின்று ஒற்றனின் வேலையைச் செய்கின்றது இக்கருவி.

இது எம்மிடையே வந்த வழியை முதலில் நோக்குதல் வேண்டும். 1983 ஆம் ஆண்டின் இனவன்முறையும் அதன்பின் நீண்ட போரும் எம்மக்களை உலகெங்கும் சிதறடித்தன. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உழைக்க, முதிய தாய் தந்தையர் ஊரிலே தனித்திருக்கின்றனர். கிணற்றடியில் அம்மா வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது, இரவிற் கள்வர் புகுந்தால் யார் கேட்பது என்ற ஏக்கம் அப்பிள்ளைகளை வாட்டுகின்றது. அந்த ஏக்கத்தை நாம் எள்ளி நகையாடவில்லை, அது உண்மையானது. ஆனால் ஏக்கம் உள்ள இடத்திலே வணிகன் கடை விரிப்பான். உள்ளங்கையுள் அடங்கும் ஒரு கருவியைச் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கி மாட்டினால் அம்மாவைப் பாதுகாத்துவிட்டதாக மனம் ஆறலாம் என்று அவன் விளம்பரம் செய்கின்றான்.

அக்கருவி செய்வது யாது? அது படம் பிடிப்பதுடன் பேச்சையும் பதிவு செய்கின்றது. இருளிலும் காண்கின்றது. அசைவு தோன்றியதும் கடல் கடந்த கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்புகின்றது. கண்டதையும் கேட்டதையும் தன்னுள் உள்ள அட்டையிலோ, உற்பத்தி செய்த நிறுவனத்தின் கணினிகளிலோ சேமித்து வைக்கின்றது. யாழ்ப்பாணத்தில் இரவு பத்து மணியாகும்போது ரொறன்ரோவில் ஏறக்குறைய நண்பகல். இங்கே கூடத்திற் பாய் விரித்து உறங்குவோரை அங்கே ஒருவர் மதிய உணவு இடைவேளையிற் பார்த்திருக்கலாம். பார்ப்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பார்க்கப்படுபவர் அதை அறியாதிருப்பதே அநீதிக்குப் போதுமானது.

‘கூடத்திலேதானே வைத்திருக்கின்றோம், படுக்கையறையில் அன்றே’ என்பது வழக்கமான மறுமொழி. இது வீட்டுக்காரரின் கண்ணோடு பார்ப்பவர் கூறும் நியாயம். வீட்டுக்காரருக்குக் கூடம் பொது இடம். அவருக்குக் கதவடைக்க ஓர் அறை உண்டு. விருந்தாளிக்குக் கூடமே படுக்கையறை. சாமத்திய வீட்டிலும் செத்த வீட்டிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகப் படுப்பது கூடத்திலேதான். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதும், விடியற்காலையில் அவசரமாகச் சேலையைத் திருத்திக் கட்டுவதும், துக்கத்தில் ஆடை குலையக் கிடந்து அழுவதும் அங்கேதான். வீட்டின் எப்பகுதி அந்தரங்கமானது என்பதை அங்கு அறை உடையவன் மட்டும் தீர்மானித்தால், அறை இல்லாதவளுக்கு அந்தரங்கமே இல்லை என்றாகிவிடும்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன் தரும். வீடுகளைக் குறுங்கால வாடகைக்கு அமர்த்திக் கொடுக்கும் எயார்பிஎன்பி என்னும் அமெரிக்க நிறுவனம், கூடம், நடைவழி முதலிய பொது இடங்களில், முன்கூட்டியே அறிவித்து வெளிப்படையாக வைக்கப்படும் கமராக்களை முன்னர் அனுமதித்திருந்தது. 2024 ஏப்ரில் 30 முதல் உலகெங்கும் தன் பட்டியலில் உள்ள வீடுகளின் உள்ளே கமரா வைப்பதையே முற்றாகத் தடை செய்தது. இலாபத்தையே குறியாகக் கொண்ட ஒரு நிறுவனம் இம்முடிவுக்கு வந்தது அறநெறி கற்று அன்று. தங்க வருபவர் அதனை விரும்பார் என்பதை வணிகம் உணர்ந்தது. இதன் பொருள் யாது? காசு கொடுத்து இரண்டு இரவு தங்கும் அந்நியனுக்குக் கிடைத்த மதிப்பு, காசு கொடாமல் இரத்த உறவின் உரிமையில் வந்து தங்கும் சித்திக்கு எங்கள் வீட்டில் இல்லை. விருந்தோம்பலுக்கு ஒரு தனி அதிகாரத்தையே வகுத்த குறளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனனஞ் செய்விக்கும் சமூகத்துக்கு இதைவிட இழுக்கு வேறு உண்டோ?

இனி, உறவினருள்ளும் எல்லோரும் ஒரே வகையாகப் பார்க்கப்படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவுக்காகக் கமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைக்க வீட்டார் தாமே நினைவுகொள்வர். ஏழை உறவினள் வந்தால் அவ்வாறு எவரும் செய்வதில்லை. அவள் குசினியில் எவ்வளவு சீனி அள்ளினாள், அலுமாரிக்குப் பக்கத்தில் எத்தனை தடவை போனாள் என்பன இப்பொழுது சான்றுடன் பேசப்படுகின்றன. வீட்டில் ஒரு மோதிரம் காணாமற் போனால் முதலிற் சுழற்றிப் பார்க்கப்படும் படம் அவளுடையதே. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் நிலையோ இதனினும் இழிந்தது. அவளுக்கு முகங்கோணிப் போய்விடும் உரிமைகூட இல்லை. வறியவரைக் களவுடன் சேர்த்து எண்ணும் பழைய வர்க்க மனப்பான்மை, இக்கருவியின் மூலம் நவீனமானதொரு முகத்தைப் பெற்றுக்கொண்டது.

‘பிழை செய்யாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?’ என்று சிலர் கேட்கின்றனர். இக்கேள்வியை எம்மக்களே கேட்பதுதான் வியப்பு. போர்க்காலத்தில் இதே கேள்வி சோதனைச்சாவடிகளில் எம்மிடம் கேட்கப்பட்டது. கொழும்பிலே ஊரிலிருந்து வந்த உறவினரைத் தங்கவைத்தால் அவர்தம் பெயர்களைப் பொலிஸ் நிலையத்திற் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7 ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர், தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் இல்லை எனக் கூறப்பட்டு, பஸ் வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. பிழை செய்யாதவனும் தன்னை ஐயக் கண் தொடரும்போது கூனிக் குறுகுகின்றான் என்பதை இப்பாடத்தைப் பட்டுக் கற்றவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அரசின் வேவும் வீட்டின் வேவும் அளவில் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனால் விருந்தாளியைச் சந்தேக நபராகக் கொள்ளும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

‘படத்தைப் பார்ப்பது நாங்கள் மட்டுமே’ என்பது மற்றொரு வாதம். இதுவும் நிலைக்கவில்லை. அமேசன் நிறுவனத்துக்குச் சொந்தமான ரிங் என்னும் கமரா நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023 மே மாதத்தில் வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளரின் வீட்டு அந்தரங்கப் பதிவுகளை ஊழியர்கள் பார்க்க இடமளித்தது என்பது அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று, நிறுவனம் 5.8 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. ரெக்சஸ் மாநிலத்தில் வீட்டுப் பாதுகாப்பு நிறுவனமொன்றின் தொழில்நுட்பவியலாளன் நாலரை ஆண்டுகளாக 200 க்கும் மேற்பட்ட வாடிக்கையாளரின் வீடுகளுக்குள் கமரா வழியே 9,600 க்கும் அதிகமான தடவைகள் எட்டிப்பார்த்தமைக்காக 2021 இற் சிறைத்தண்டனை பெற்றான். தென்கொரியாவில் வீடுகளிலும் வணிக நிலையங்களிலும் இருந்த ஏறக்குறைய 120,000 கமராக்களுள் ஊடுருவியதாக நால்வர் கைது செய்யப்பட்டதை அந்நாட்டுப் பொலிசார் 2025 நவம்பர் இறுதியில் அறிவித்தனர். எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களே அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. கடவுச்சொல்லாகத் தொடர் எண்களை வைத்துவிட்டு ‘நாங்கள் மட்டுமே பார்க்கின்றோம்’ என்பவர், தம் வீட்டுப் படலையைத் திறந்துபோட்டுவிட்டு நாய்க்கு அறிவுரை கூறுபவரை ஒப்பர்.

சட்டம் காக்குமா எனின், பெரிதும் இல்லை என்றே கூற வேண்டும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் ஒருவர் முற்றிலும் தம் சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்குமாகக் கையாளும் தரவுகளைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்துகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் அத்தகைய விலக்கை அளிக்கின்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசெம்பரில், வீட்டுக் கமரா பொதுத் தெருவையும் பதிவு செய்தால் அவ்விலக்கு பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. தெருவிற் போகிறவனுக்கு இவ்வாறு ஒரு காப்பு உண்டு. வீட்டினுள் அமர்ந்திருக்கும் விருந்தாளியிடம் அது வந்து சேரவில்லை. 1978 ஆம் ஆண்டின் எமது அரசியலமைப்பிலோ அந்தரங்கத்துக்கான உரிமை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக வெளிப்படையாகக் கூறப்படவில்லை. ஆகவே சட்டம் வரும்வரை காத்திருப்பதிற் பயனில்லை. சமூகம் தானே ஒரு நெறியை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

‘எங்கள் வீடு, எங்கள் விருப்பம்’ என்பதே எல்லா வாதங்களுக்கும் அடியில் இருக்கும் வாதம். சுவரும் கூரையும் வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்பதை நாம் மறுக்கவில்லை. அச்சுவர்களுக்குள் வந்து இருப்பவளின் முகமும், உடலும், வாய்ச்சொல்லும் எப்பொழுது அவருக்குச் சொந்தமாயின? நிலத்தை உடையவன் அதில் உழைப்பவனையும் உடையவன் என்று கருதிய காலம் ஒன்றிருந்தது. கூரையை உடையவன் அதன் கீழ் வந்திருப்பவரின் உருவத்தையும் உடையவன் என்பது அந்தக் கருத்தின் எச்சமே.

எல்லாவற்றினும் கொடிய விளைவு ஒன்றுண்டு. அது அந்த முதிய தாயையே தாக்குகின்றது. பின்னேரத்தில் அவளிடம் வந்து அமரும் தங்கை, மகளின் கலியாணப் பேச்சையும் அடகு வைத்த நகையையும் பற்றி மனந்திறந்து பேசுவாள். மருமகள் தொலைபேசி எடுப்பதில்லை என்ற தன் மனத்தாங்கலைத் தாயும் அவளிடம்தான் கூறுவாள். சுவரிலே மகனின் காது இருக்கின்றதென அறிந்த நாள்முதல் இருவரும் வெயிலையும் மழையையும் பற்றிப் பேசுகின்றனர். சில நாளில் தங்கையின் வரவு குறைகின்றது. அயல் வீட்டுப் பெண்ணும் படலையடியில் நின்றே நலம் விசாரித்துவிட்டுத் திரும்புகின்றாள். கிணற்றடியில் தாய் விழுந்தால் அதனைக் கமரா காட்டும். ஆனால் கமரா தூக்காது. ஓடிவந்து தூக்க வேண்டியவர் அந்தத் தங்கையும் அந்த அயல் பெண்ணும்தான். அவர்களை வீட்டிலிருந்து விரட்டும் கருவியைப் பாதுகாப்பு என்று அழைப்பது எவ்வளவு பெரிய ஏமாற்று!

நாம் விஞ்ஞானத்தின் பகைவர் அல்லர். படலையிலும் மதிலிலும் கமரா வைப்பவரோடு எமக்கு வழக்கில்லை. முதியவர் விழுந்தால் அழுத்தி அழைக்கத்தக்க பொத்தான்கள் உள. அவை எவரையும் படம் பிடிப்பதில்லை. வீட்டினுள்ளே கமரா இன்றியமையாதது எனின் அது மறைவின்றி இருத்தல் வேண்டும். வருபவருக்கு வாயிலிலேயே சொல்லப்படுதல் வேண்டும். பேச்சைப் பதிவு செய்யும் வசதி நிறுத்தப்படுதல் வேண்டும். விருந்தாளி தங்கும் இரவுகளில் அது மின்னிணைப்பிலிருந்து கழற்றப்படுதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் ஒரு சதம் செலவில்லை. வறிய உறவினள், ‘அதை நிறுத்துங்கள்’ என்று கேட்கும் நிலையில் இல்லை; கேட்டால் நன்றிகெட்டவள் எனப் பெயர் பெறுவாள். ஆதலின் அவள் கேட்கும்முன் செய்வது வீட்டாரின் கடமை.

இதைப் பேசவேண்டிய பொறுப்பு ஆசிரியருக்கும் மாணவருக்கும் சிறப்பாக உண்டு. தகவல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாகக் கற்பிக்கும் வகுப்பறைகளில், இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதோடு யாரை நோக்கி இயங்குகின்றது என்ற வினாவும் எழுதல் வேண்டும். உறவினர் வீட்டில் தங்கிக் கற்கும் மாணவர் பலர் இக்கண்ணின் கீழ்தான் உண்டு உறங்குகின்றனர். அவர்கள் இதனை வாய்விட்டுக் கூறட்டும். கடல் கடந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: நாளை நீங்கள் ஊருக்குத் திரும்பி வந்து கூடத்திலே களைத்துச் சாயும்போது, உங்களைப் பார்க்க உறவினர் பலர் வந்து சூழ வேண்டுமென விரும்புவீர்கள். அவர்கள் அஞ்சாமல் வந்து அமரக்கூடிய வீடாக அது இருக்கட்டும். இன்றிரவே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, கூடத்துக் கமராவைக் கழற்றிவிடும்படி கூறுங்கள். கழற்றிய பின், சித்தி வந்தாளா என்றும் கேளுங்கள்.