விசாவுக்கான பொறுப்புறுதியும் நஃபகா என்னும் அமானிதமும்

 

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ‘மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார்’ என்பது இன்றும் ஒரு தகுதியாகவே மதிக்கப்படுகிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் மார்க்கப் பேணுதலை விசாரிக்கின்றனர், குடும்பத்தை விசாரிக்கின்றனர், அவருடைய ஊர் ஜமாஅத்தின் கடிதத்தைக் கேட்டு வாங்குகின்றனர். மஹர் பேசப்பட்டு, நிக்காஹ் பதிவேட்டில் எழுதப்படுகிறது. எனினும் மணப்பெண் எந்த விசாவில், யாருடைய வருமானத்தைக் காட்டி, எவ்வளவு காலத்துக்குள் கணவருடன் சென்று சேர்வாள் என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. விடுமுறையில் வந்த மணமகன் சில வாரங்களில் திரும்பிவிடுகிறார். ‘இன்னும் ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்வேன்’ என்ற வாக்கு ஓராண்டாகி, ஈராண்டாகி நீள்கிறது. தாய் வீட்டிலேயே காத்திருக்கும் அப்பெண் ஊரார் கேள்விக்குப் பதில் சொல்லியே சோர்ந்துபோகிறாள்.

இத்தகைய தாமதங்களில் பல, கணவரின் மனம் மாறியதால் வருபவை அல்ல. அழைப்பவரின் வருமானத்தையும் பொறுப்பையும் உறுதிசெய்யும் காகிதங்கள் ஆயத்தமாக இல்லாமையே காரணமாகிறது. ஆகவே அக்காகிதங்களைப் பற்றி நிக்காஹ்வுக்கு முன்பே பேசுவது பெண் வீட்டாரின் உரிமை, மணமகனின் கடமை, ஜமாஅத்தின் பொறுப்பு என்பது நம் கருத்து.

முதலில் நாடுகளின் விதிகளைப் பார்ப்போம். பிரிட்டனில் குடியுரிமையோ நிரந்தரத் தங்கும் உரிமையோ பெற்றவர் தம் துணையை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும் என்ற விதி 2012 ஜூலையில் வந்தது. 2024 ஏப்ரல் 11 முதல் அத்தொகை 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. நம் பணத்தில் இது 30 லட்சம் ரூபாயைத் தாண்டும். மாதச் சம்பளக்காரர் பொதுவாக ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும், அவற்றோடு பொருந்தும் வங்கிக் கணக்குப் பட்டியலையும் வைக்க வேண்டும். இந்தியாவில் மனைவி வாங்கும் சம்பளம் முதல் விண்ணப்பத்தில் கணக்கில் வராது. சேமிப்பை மட்டும் காட்டுவதாயின் 88,500 பவுண்டு ஆறு மாதம் தொடர்ந்து கையிருப்பில் இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நிரந்தரக் குடியேற்ற விசாவுக்கு ஐ-864 என்னும் பொறுப்புறுதிப் பத்திரம் உண்டு. அரசு அறிவிக்கும் வறுமைக்கோட்டுத் தொகையின் 125 விழுக்காட்டு வருமானத்தை அழைப்பவர் காட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் இருவர் கொண்ட குடும்பத்துக்கு அது ஏறத்தாழ 26,400 டாலர். வருமானம் போதாதெனில் கூட்டுப் பொறுப்பாளர் ஒருவர் கையொப்பமிடலாம்; அவரும் அமெரிக்காவில் வாழும் குடிமகனாகவோ பச்சை அட்டை பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். திண்டிவனத்தில் வீடும் நிலமும் உடைய மாமனார் எவ்வளவு செல்வந்தராயினும் அந்தக் கையொப்பத்தை இட இயலாது.

வளைகுடாவின் வழி வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் தேவை. சவூதி அரேபியாவில் 2017 ஜூலை முதல் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டு, ஆண்டுதோறும் கூடி 2020இல் 400 ரியாலை எட்டியது. மனைவியை அழைப்பது மட்டுமின்றி, அங்கே வைத்துக் காப்பதற்கும் கணக்கிட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

நம் மாவட்டத்தை ஒட்டிய புதுச்சேரியின் நிலை தனித்தன்மை உடையது. 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்கள். அவ்வாறு குடியுரிமை உள்ளவரின் மனைவிக்கான விசாவில் வருமான வரம்பு கிடையாது. ஆனால் இந்தியாவில் திருமணம் செய்யுமுன் பிரெஞ்சுத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று பெறுவதும், திருமணத்துக்குப் பின் அதனை அங்கே பதியச் செய்வதும் தேவை. பிரான்சில் வேலை அனுமதியுடன் மட்டும் வாழும் இந்தியக் குடிமகனுக்கோ வேறு விதி. குடும்பத்தை இணைத்துக்கொள்ள அங்கே 18 மாதம் வாழ்ந்திருக்க வேண்டும், குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடான வருமானமும் தகுந்த வீடும் காட்ட வேண்டும். ‘மாப்பிள்ளை பிரான்சில் இருக்கிறார்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இவ்வளவு வேறுபாடு அடங்கியுள்ளது.

இனி மார்க்கத்தின் கண்கொண்டு நோக்குவோம். மனைவியின் உணவு, உடை, உறைவிடம் ஆகிய நஃபகா கணவன் மீது கடமை. வசதி உள்ளவர் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவர் அல்லாஹ் தமக்கு அளித்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்பது சூரா அத்தலாக்கின் 7ஆம் வசனம் தரும் வழிகாட்டல். அரசுகள் கேட்கும் பொறுப்புறுதி, ‘இப்பெண்ணின் வாழ்வாதாரத்துக்கு நான் பொறுப்பு’ என்ற அதே உறுதியை எழுத்தில் கேட்கிறது. ஆகவே அதனை வெறும் அலுவலகச் சடங்காகக் கருதுதல் தவறு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் கற்பிக்கிறது. பணத்துக்கே அவ்வளவு பேணுதல் எனில், ஒரு பெண்ணின் வாழ்வுக்கு எவ்வளவு பேணுதல் வேண்டும்!

அமெரிக்கப் பத்திரத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. அழைக்கப்பட்டவர் குடியுரிமை பெறும் வரையோ, சுமார் பத்தாண்டு உழைப்புக்கு ஈடான 40 காலாண்டுகள் அவர் கணக்கில் சேரும் வரையோ அப்பொறுப்பு நீடிக்கும். இருவரில் ஒருவர் இறந்தாலோ, அழைக்கப்பட்டவர் தம் குடியேற்ற உரிமையைத் துறந்து நாட்டைவிட்டு நீங்கினாலோ அது முடியும். விவாகரத்து அதை முடிப்பதில்லை. இத்தா காலத்தோடு கடமை நிறைவுற்றது என்று கருதும் சகோதரர், தாம் கையொப்பமிட்ட ஒப்பந்தம் அதற்கப்பாலும் செல்வதை அறிய வேண்டும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு சூரா அல்மாயிதா தன் முதல் வசனத்திலேயே கட்டளையிடுகிறது. விரும்பி இட்ட கையொப்பத்துக்கும் அது பொருந்தும் என்பதே நம் நிலைப்பாடு.

இங்கே ஒரு தீய வழக்கத்தையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. கணக்கில் பணம் ‘காட்டுவதற்காக’ வட்டிக்குப் பெருந்தொகை வாங்கிப் போட்டுவைப்பதும், இல்லாத வேலைக்குச் சம்பளச் சீட்டு அச்சிடுவதும் ‘எல்லாரும் செய்வதுதான்’ என்று நியாயப்படுத்தப்படுகின்றன. முன்னதில் வட்டியும் பொய்யும் சேர்ந்துள்ளன. பின்னது பொய்ச் சாட்சியத்துக்கு நிகரானது. உலக நோக்கிலும் அது நட்டமே. திடீரென வந்த பணம் ஆறு மாத விதியின் முன் நிற்காது. அமெரிக்காவில் பொய்த் தகவல் நிரூபணமானால், விலக்கு கிடைத்தாலன்றி வாழ்நாள் தடையே விளையும். அத்தடை, தெரிந்தே விண்ணப்பத்தில் கையொப்பமிட்டிருந்தால் அப்பெண்ணின் பெயரிலேயே பதிவாகும்.

‘இந்த விதிகளே அநீதியானவை அல்லவா?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நேர்மையாக உழைத்துக் குறைந்த ஊதியம் பெறுபவரை மனைவியிடமிருந்து பிரித்துவைக்கும் வரம்பை நாம் நல்லதென்று சொல்லவில்லை. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2017இல் வருமான வரம்பைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டபோதும், குழந்தைகளின் நலன் போதிய அளவு கருதப்படவில்லை என்று குறை கூறியது. அநீதியை எதிர்த்து வாதாடலாம், குரல் எழுப்பலாம். அதைக் காரணங்காட்டிப் பொய்யை ஆகுமாக்கிக்கொள்ள மார்க்கத்தில் இடமில்லை.

‘சம்பளச் சீட்டைக் கேட்டால் நல்ல சம்பந்தம் கைநழுவும், தவக்குல் வைத்து முடிப்போம்’ என்போரும் உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. குறைந்த வருமானமுள்ள நல்ல இளைஞரை ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. ‘எனக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆகும்’ என்று அவர் உண்மையைச் சொன்னால், சம்மதிப்பதா, காத்திருப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அப்பெண்ணுக்குக் கிடைக்கிறது. அவளிடம் மறைத்தால் அந்த உரிமை பறிபோகிறது. நாம் வலியுறுத்துவது அந்த உண்மையை மட்டுமே.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகள் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். மணமகன் வெளிநாட்டில் இருப்பவராயின், அவருடைய குடியேற்ற நிலை என்ன, மனைவியை அழைக்கும் தகுதி இப்போது உண்டா, இல்லையெனில் எப்போது கிட்டும் என்பதை எழுத்தில் பெற்று இரு குடும்பத்தாருக்கும் வாசித்துக் காட்டுக. பிரிந்திருக்கும் காலத்தில் மாதந்தோறும் அனுப்பும் நஃபகாவையும் அதிலேயே குறிப்பிடுக. நிக்காஹ் பதிவேட்டிலும், பாஸ்போர்ட்டிலும், ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் உள்ளனவா என்று ஒப்புநோக்குக. ஓரெழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சலே.

2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பள்ளிவாசல் பதிவேட்டின் நகலோடு நின்றுவிடுவோர் பிறகு சென்னைக்கும் ஊருக்கும் அலைகின்றனர். அச்சான்றிதழை மாநில அரசிடமும், பின்னர் வெளியுறவு அமைச்சகத்திடமும் சான்றொப்பம் பெற வேண்டிவரும். அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் உள்ளது. அமீரகம் அதில் சேராததால் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் தேவை. மணமகன் விடுமுறை முடிந்து புறப்படுமுன் பதிவை முடித்துவிடுவது பாதிச் சுமையைக் குறைக்கும்.

மஹரை எழுதுவதில் வெட்கமில்லை என்று நமக்குக் கற்பித்த மார்க்கம், பொறுப்பை எழுதுவதிலும் வெட்கப்படச் சொல்லவில்லை. நம் பெண்மக்களின் காத்திருப்பைக் குறைக்கும் வாய்மையையும், ஏற்றுக்கொண்ட பொறுப்பைக் காக்கும் வலிமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.