எக்ஸ்டென்ஷன் மீது வீண்பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் வைத்திருப்போர் எல்லாம் திருட்டுப் படக் கும்பலுக்குத் துணைபோகிறவர்கள், சிக்கினால் 3 ஆண்டு சிறை என்ற தொனியில் தங்கள் நாளிதழ் முதல் பக்கத்தில் வெளியிட்ட செய்தியைக் கண்டிக்கிறேன். நாமகிரிப்பேட்டையில் கணினி மையம் நடத்துகிறேன். செய்தி வந்ததிலிருந்து, விளம்பரத் தடுப்பான் எக்ஸ்டென்ஷனை எடுத்துவிடச் சொல்லி மாணவர்கள் லேப்டாப்போடு வருகிறார்கள். போலி 'டவுன்லோட்' பொத்தான்களிலிருந்து அவர்களைக் காத்துவந்ததே அதுதான்.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல், அவ்வளவே. ஃபயர்பாக்ஸில் தமிழ் தட்டச்ச உதவிய 'தமிழ்விசை'யும் அந்த வகைதான்.

3 ஆண்டு சிறைக் கதையும் புதிதல்ல. முடக்கப்பட்ட தளங்களில் தோன்றிய எச்சரிக்கையை வைத்து, பார்த்தாலே சிறை என்று 2016 ஆகஸ்டில் ஊடகங்கள் எழுதின. 'டிஷூம்' இந்திப் பட வழக்கில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் அந்த மாதமே தெளிவுபடுத்தினார்: பார்ப்பது அல்ல குற்றம், அனுமதியின்றி விநியோகிப்பதும், பொதுவில் திரையிடுவதும், விற்பதும், வாடகைக்கு விடுவதுமே குற்றம். பீதி பரவிய வேகத்தில் இந்த விளக்கம் பரவவில்லை.

படம் கசியும் இடம் வேறு. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டரில் 'ராயன்' படத்தைக் கைப்பேசியில் பதிவு செய்தவர் கையும் களவுமாகப் பிடிபட்டார். 2023 சினிமாட்டோகிராஃப் திருத்தச் சட்டமும் இப்படிப் பதிவு செய்வோரையும் பரப்புவோரையுமே குறிவைக்கிறது: 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம்.

திருட்டுப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், படம் வெளியான அன்றே 'தமிழ் ராக்கர்ஸ்' என்ற திருட்டுப் படத் தளத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு இலவச விளம்பரம் தந்தவை பத்திரிகைகள்தானே? பாஸ்வேர்டைத் திருடும் எக்ஸ்டென்ஷன்கள் இருப்பதும் உண்மை. அப்படியானால் எது, என்ன செய்கிறது, எப்படி நீக்குவது என்று எழுதுங்கள். சேர்க்கும்போது அது கேட்கும் அனுமதிகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரே சொல்லாமல் எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், நல்லதை நீக்கிவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்வார்கள் வாசகர்கள்.

முதல் பக்கத்தில் வந்த தவறுக்குத் திருத்தமும் முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகர்,
நாமகிரிப்பேட்டை, நாமக்கல் மாவட்டம்.